என் பிழைகளைக் கண்டு சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்ற மாதம் எனக்கு நடத்திய பிரிவு உபசார விழாவில் பத்திரிகையாளர், அச்சகம் நடத்தியவர், பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் படித்துக் கொடுப்பவர் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். நன்றி சொல்ல எழுந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு வரி பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். மூன்று வேலையிலும் நான் செய்த தவறுகளைப் பார்த்து, என்னிடமே வந்து சொன்னவர்கள் இருந்தார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

முதலில், எங்கள் வார இதழின் மெய்ப்புத் திருத்துநர் ஐயா. நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது, 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வரும் கைப்பிரதிகளில் 'லை'யும் 'னை'யும் இன்னும் யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவோடுதான் இருக்கும். அச்சுக்கோப்பவர்களின் கேஸில், அதாவது அச்செழுத்துகள் வைக்கும் பெட்டியில், பழைய எழுத்துகளும் கிடந்ததால் ஒரே பத்தியில் இரண்டும் கலந்து வந்துவிடும். பக்கமாகப் பிரிக்கும் முன் எடுக்கும் நீளமான திருத்தப்படியான காலி (galley) புரூஃபில் ஐயா ஒன்றையும் விடமாட்டார். ஆனால் நான் அவரிடம் கற்றது அதைவிடப் பெரியது. ஆள் பெயரையும் எண்களையும் மட்டும் தனியாக, கீழிருந்து மேலாகப் படிப்பார். "வாக்கியத்தோட சேர்த்துப் படிச்சா கண்ணு அர்த்தத்துக்குப் பின்னாடி ஓடிடும் தம்பி, எழுத்தைப் பார்க்காது" என்பார்.

அவர் விடுப்பில் இருந்த ஒரு வாரம், ஒரு மரணச் செய்தியில் இறந்தவர் பெயரின் முதலெழுத்தை (இனிஷியலை) நான் மாற்றிப் போட்டுவிட்டேன். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, போய்ச் சொல்லிட்டு வருவோம்" என்றார். அந்த வீட்டில் இறந்தவரின் மனைவி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தார். முதலெழுத்தின் மேல் பேனாவால் சரியான எழுத்தை எழுதியிருந்தார். எங்களைத் திட்டவில்லை. "அடுத்ததுல சரியா வருமா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பேனா எழுத்து இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஐயா இன்று இல்லை. அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் சொந்தமாக அச்சகம் தொடங்கினேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவாத காலம் அது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். ஒரு கணினியில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகளாக நிற்கும். இரவெல்லாம் உட்கார்ந்து அவற்றை மீட்டெடுத்த தட்டச்சுத் தம்பிகளுக்கும், ஒரு பெரிய வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்த ஆண்டில் கேள்வி கேட்காமல் கடனுக்குத் தாள் அனுப்பிய காகித வியாபாரிக்கும் என் நன்றி.

ஆனால் அச்சகத்தில் நான் அதிகம் கடன்பட்டிருப்பது பைண்டிங் பிரிவில் தாள் மடித்த அக்காவுக்கு. பாரம் என்பது பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடிக்கும் ஒரு பெரிய தாள். 16 பக்க பாரத்தில் முதல் பாரம் என்றால், ஒட்டினாற்போல் வரும் இரண்டு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும்: 1-ம் 16-ம், 8-ம் 9-ம், 12-ம் 5-ம் இப்படி. ஒருநாள் பக்கங்களின் ஃபிலிமை அச்சுக்காக வரிசைப்படுத்தி ஒட்டியது நான். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. அக்கா விழுந்த தாள்களில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பன்னெண்டுக்குப் பக்கத்துல ஏழு நிக்குது, நிறுத்தச் சொல்லு" என்றார். ஐந்தாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் இடம் மாற்றி ஒட்டியிருந்தேன். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. அன்று அவர் பார்க்காமல் விட்டிருந்தால் மொத்தத் தாளும் வீணாகி, அச்சகமே ஆட்டம் கண்டிருக்கும். அதன் பிறகு அவர் ஒரு தாளைப் பார்த்துத் தலையசைக்காமல் எங்கள் மெஷின் ஓடியதில்லை.

மூன்றாவது, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களைக் குரலில் பதிவு செய்யும் வேலை. ஆரம்பத்தில் பதிப்பாளர்களிடம் அனுமதி கேட்டு அலைவோம். 2012-ல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி இதற்கு வழிவிட்டார்கள். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் புத்தகங்களை ஆக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்து 2013-ல் வந்த மராகேஷ் உடன்படிக்கையை மறு ஆண்டே முதல் நாடாக இந்தியா உறுதி செய்தது. அதற்காகப் பல ஆண்டுகள் மனுப் போட்டுப் போராடிய பார்வையற்ற தோழர்களுக்கு நான் மட்டுமல்ல, புத்தகம் சார்ந்த எல்லோருமே நன்றி சொல்ல வேண்டும்.

அங்கே எனக்குப் பாடம் சொன்னவர் ஒரு கல்லூரி மாணவி. நான் நல்ல குரலில், நிறுத்தி நிதானமாகத்தான் படித்தேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சார், 'மேலே உள்ள படத்தில் காண்பது போல'ன்னு படிச்சுட்டுப் போயிட்டீங்க. படத்துல என்ன இருக்கு?" எத்தனையோ ஆண்டுகள் பக்கம் பார்த்தவன் நான். படத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அதுவரை பதிவு செய்த புத்தகங்களை மீண்டும் எடுத்து, படங்களையும் வரைபடங்களையும் சொற்களில் எழுதி, இடையிடையே சேர்த்தோம். அந்த வேலைக்கு ஞாயிறுதோறும் வந்த நண்பர்களுக்கும், அத்தனை ஞாயிறுகளையும் விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி.

அந்த மாணவி இப்போது ஆசிரியை. நேற்று இந்த மடலைத் தொலைபேசியில் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். திருத்திவிட்டேன்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்