இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இருபது நிமிடம்: தமிழ்ச் சங்க விழாக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் விழாக்குழுக்களில் உழைக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். அடுத்த விழாவுக்குச் சென்னையிலிருந்து யாரைக் கூப்பிடலாம், விசா கிடைக்குமா, யார் ஸ்பான்சர் என்று வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். பட்டியல் முடிவாவதற்குள் என் வேண்டுகோளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து, மேடையில் தனியாக நின்று நகைச்சுவை பேசும் ஸ்டாண்ட்-அப் செய்யும் நம் பிள்ளை ஒருவருக்கு இருபது நிமிடம் கொடுங்கள். அவர் பேசப்போவதை முன்கூட்டியே வாங்கித் திருத்தாதீர்கள்.

இதைக் கேட்கும்போது என் மனத்தில் இருப்பவர் அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஹரி கொண்டபோலு. 'தி ப்ராப்ளம் வித் அப்பு' என்ற அவருடைய ஆவணப்படம் 2017 நவம்பரில் வெளிவந்தபோது நம் வீடுகளிலும் அதைப் பற்றிப் பேசினோம். 'தி சிம்ப்ஸன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 1990 முதல் வந்த இந்தியக் கடைக்காரர் அப்புவுக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். என் அப்பாவை ஒரு வெள்ளைக்காரர் கேலி செய்வதை இன்னொரு வெள்ளைக்காரர் நடித்துக் காட்டுவது போன்ற குரல் அது என்று ஹரி மேடையில் சொன்னார். இங்கே பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரால் கூப்பிடப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் வீடுகளிலேயே கேட்டால் தெரியும். அவர் அந்தத் தொடரை வெறுத்தவர் அல்ல, அதைப் பார்த்து ரசித்தே வளர்ந்தவர். அதனால்தான் அந்த விமர்சனத்துக்கு அவ்வளவு வலு.

தொடரைத் தயாரித்தவர்கள் 2018இல் இந்த விமர்சனத்தை ஒரு காட்சியில் தோளைக் குலுக்கிக் கடந்து போனார்கள். ஹரிக்கு மிரட்டல்கள் வந்தன. ஆனால் அசாரியா யோசித்தார். 2020இல் அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பதை நிறுத்தினார், 2021இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தன் மகனின் பள்ளியில் சந்தித்த பதினேழு வயது இந்திய மாணவனைப் பற்றி அப்போது சொன்னார். அந்தப் பையன் தொடரைப் பார்த்ததே இல்லை. இருந்தும் அப்பு என்ற பெயர் தனக்கு என்ன செய்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வெற்றிக்கு நாம் எல்லோரும் கைதட்டினோம், சரி. ஆனால் அந்த மனிதர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்று நாம் பார்ப்பதில்லை. 1982இல் நியூயார்க் குவீன்ஸில், ஆந்திராவிலிருந்து வந்த தெலுங்குப் பெற்றோருக்குப் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியிலேயே நகைச்சுவை இரவு நடத்தினார். தொடக்கத்தில் அவரும் இந்தியர்களைப் பற்றிய வழக்கமான கேலிகளைச் சொல்லிச் சிரிப்பு வாங்கியவர்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, தன்னைப் போன்ற தோற்றம் உள்ளவர்களை இந்த நாடு நடத்திய விதத்தைப் பார்த்து, அந்த வகை நகைச்சுவையை விட்டார். கல்லூரி முடித்துச் சியாட்டிலுக்குப் போய், சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் தொடங்கிய அமைப்பில் குடியேறியவர்களின் உரிமைகளுக்காக வேலை பார்த்தார். பகலில் அந்த வேலை, இரவில் மேடை. அப்புறம் லண்டனில் மனித உரிமைகளில் முதுகலைப் பட்டம்.

அந்தப் படிப்பு, அந்த வேலை எல்லாம் அவருடைய நகைச்சுவைக்குள் இருக்கிறது. 2014இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'வெயிட்டிங் ஃபார் 2042'. அந்த ஆண்டில் அமெரிக்காவில் வெள்ளையர் பாதிக்கும் கீழே போய்விடுவார்கள் என்று மக்கள்தொகைக் கணிப்பு ஒன்று சொன்னது. வெள்ளையர் 49 சதவீதம் ஆனால் சிறுபான்மை என்கிறீர்களே, மீதி 51 சதவீதம் பேரும் ஒரே ஆட்களா என்று அவர் கேட்கிறார். அரங்கம் சிரிக்கிறது, கேள்வி கூடவே வீட்டுக்கு வருகிறது. எனக்குத் தெரிந்த எத்தனையோ கருத்தரங்கப் பேச்சுகள் இவ்வளவு செய்ததில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். வார நாட்களில், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்ற ஓப்பன் மைக் மேடைகளில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நின்று, தன் வீட்டைப் பற்றி, தன் பெயரை ஆசிரியர்கள் சிதைப்பதைப் பற்றி, பாட்டியிடம் வீடியோ காலில் பேசத் தடுமாறுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் விழாவில் மட்டும் அவர்களுக்கு இடம் இல்லை.

இடம் கொடுத்த ஒரு நிகழ்ச்சியில் நடந்ததையும் சொல்கிறேன். எந்தச் சங்கம் என்பது வேண்டாம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் பரதநாட்டியத்துக்கும் குலுக்கல் பரிசுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் ஒதுக்கினார்கள். எழுத்துப் பிரதி கேட்டார்கள், அனுப்பினாள். திரும்பி வந்த பிரதியில் ஒரு பத்தி முழுக்க அடிக்கப்பட்டிருந்தது. சங்க விழாக்களில் அறிமுகமாகும் மாமாக்கள் முதலில் ஊர் கேட்டு, அப்புறம் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டு, அப்பாவின் முழுப்பெயர் கேட்டு, கடைசியில் "சைவமா?" என்று முடிப்பதைப் பற்றிய பத்தி அது. அவள் எழுதியதில் ஆகச் சிறந்த பகுதியும் அதுதான். மீதியைப் பேசிவிட்டுப் போனவள் அதற்குப் பிறகு விழாவுக்கு வரவில்லை.

அந்தப் பத்தியை ஏன் அடித்தோம்? அந்தக் கேள்விகள் எதற்குக் கேட்கப்படுகின்றன என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். ஹரி வேலை பார்த்த அதே சியாட்டிலில், நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த, அப்போது மன்ற உறுப்பினராக இருந்த க்ஷமா சாவந்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஊர் மன்றத்தில் பேசிவிட்ட விஷயத்தை நம் பெண் நம் மேடையில் பேசக்கூடாதா? அப்பு விஷயத்தில் ஹரி வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கேட்டது நமக்கு இனித்தது. நம்மைப் பார்த்துக் கேட்பவர்களுக்கும் அதே கைத்தட்டல் உண்டு என்றால்தான் அதில் நேர்மை இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையும் விடமாட்டான், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களையும் விடமாட்டான். அந்த உரிமையை ஊரே அவனுக்குக் கொடுத்திருந்தது. தமிழ்ப் பண்பாட்டைக் காப்பதுதான் சங்கத்தின் வேலை என்றால் இதுவும் அதில் அடக்கம்.

பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பேசுவார்களே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தமிழ் தானாக வந்து விழும், கேட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் திருக்குறளைவிட அந்தத் தமிழ் அவர்களுக்குச் சொந்தமானது. சின்னப் பிள்ளைகள் காதில் கேட்கக்கூடாதது வந்துவிடுமே என்ற கவலை நியாயமானது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெரியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்து வையுங்கள். சினிமா நகைச்சுவை நடிகர்கள் வந்து பேசும் இரட்டை அர்த்தத்துக்கு நாம் இவ்வளவு யோசிப்பதில்லை.

பணமும் கொடுங்கள். சென்னையிலிருந்து வருகிறவருக்கு விமான டிக்கெட், ஹோட்டல், கையில் ஒரு தொகை. நம் பிள்ளைக்கு ஒரு ஷீல்டும் போட்டோவும். மேடை கிடைத்ததே பெரிசு என்று யாரும் சொல்லவேண்டாம், அவர்களும் பெட்ரோல் போட்டுத்தான் வருகிறார்கள்.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்கையொட்டி நடக்கும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழாவுக்குப் பொறுப்பானவர்களிடமும் இதையே கேட்கிறேன். பெரிய மேடையில் முடியாவிட்டால் பக்கத்து அறை போதும், நல்ல மைக் வேண்டும், நேரம் விழா மலரில் அச்சாகியிருக்க வேண்டும். பெயர்கள் வேண்டுமென்றால் எழுதுங்கள். எங்கள் பகுதியில் மேடை ஏறும் பிள்ளைகளிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரை அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சங்க உறுப்பினர்