புதன்கிழமை வகுப்பு: கஃப் அழுத்தம்

தீவிரச் சிகிச்சைப் பிரிவு செவிலியர்கள் அனைவருக்கும் வணக்கம். இம்மாதத் தொடர்கல்வி வகுப்பு புதன்கிழமை பிற்பகல் 2.30 மணிக்கு, நம் கருத்தரங்கு அறையில் நடக்கும். இரவுப் பணி முடித்தவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம்; அவர்களுக்காக வெள்ளிக்கிழமை அதே நேரத்தில் மீண்டும் நடத்துகிறோம்.

வென்டிலேட்டர் நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய டியூபைச் சுற்றி, காற்றடைத்து உப்பவைக்கும் உறையான கஃபின் அழுத்தம்தான் வகுப்பின் பொருள். கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் அமுக்கிப் பார்த்துச் "சரி" என்று எழுதுவது, எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், நம்பத்தக்கதல்ல. அழுத்தம் அளக்கும் கருவியான மானோமீட்டரில் 20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தம் காட்ட வேண்டும். குறைந்தால் தொண்டையில் தேங்கும் சுரப்பு நுரையீரலுக்குள் கசிந்து நிமோனியாவுக்கு வழிவிடும். கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவரின் ரத்த ஓட்டம் தடைபட்டுப் புண்ணாகும். மானோமீட்டரைப் பொருத்தும்போதே கொஞ்சம் காற்று வெளியேறிவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே 20-ஐ ஒட்டி விட்டுவிடாமல் 25 அளவில் வைத்துக் கழற்றுங்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்த பிறகும், ஸ்கேனுக்குக் கொண்டுபோய் வந்த பிறகும் மறுபடி பாருங்கள்.

உரை குறைவு, பொம்மையில் செய்து பார்ப்பதே அதிகம். வருகைப் பதிவேட்டில் பதிவு எண்ணையும் எழுதிக் கையெழுத்திடுங்கள், பிறகு சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்காது.