டிரிப்டோஃபேன் கேள்வியை மாற்றுங்கள்: உயிர்வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பாடத்துக்குக் கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் பொது மருத்துவம் பார்ப்பவன். எம்பிபிஎஸ் முதலாண்டில், உணவுப் புரதத்தில் வரும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் உடலில் சிதையும் பாதையை ஒரு சார்ட் அட்டையில் எழுதி, விடுதி அறையில் கட்டிலுக்கு மேலே ஒட்டி மனப்பாடம் செய்தேன். கைனுரெனின், ஹைட்ராக்ஸி கைனுரெனின், குயினோலினிக் அமிலம், கடைசியில் பி3 வைட்டமினான நியாசின். வைவாவில் தட்டாமல் ஒப்பித்தேன். தேர்வு முடிந்த வாரமே அட்டையும் போயிற்று, பாதையும் போயிற்று.

பல வருடம் கழித்து அது வார்டில் திரும்பி வந்தது. காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், குடியும் உண்டு. கழுத்தைச் சுற்றிக் காறை போட்டதுபோல் கருத்துத் தடித்த தோல், இரண்டு புறங்கைகளிலும் அதே கருப்பு. வயிற்றுப்போக்கு. பேச்சில் குழப்பம். கட்டட வேலைக்குப் போகிறவர், வெயில் பட்டிருக்கும் என்று முதல் நாள் நானே விட்டுவிட்டேன். அது பெலக்ரா, நியாசின் குறைவால் வரும் நோய்.

காசநோய்க்குத் தரும் ஐசோனியஸிட், உடலில் பி6 வைட்டமினை முடக்கும். கைனுரெனினை நியாசின் பக்கம் நகர்த்தும் நொதிக்கு பி6 இல்லாமல் வேலை ஓடாது. 60 மில்லிகிராம் டிரிப்டோஃபேனைச் செலவழித்தால்தான் 1 மில்லிகிராம் நியாசினுக்குச் சமமானது கிடைக்கும். சாப்பாடும் சரியில்லாத மனிதருக்கு அந்தச் சில்லறை வரவும் நின்றுபோயிருந்தது. காசநோய் மாத்திரைகளோடு சின்னதாக ஒரு பி6 மாத்திரை எதற்கு என்று கேட்டால் "நரம்புக்கு" என்போம். சரிதான், ஆனால் பாதிதான். "சத்து மாத்திரைதானே" என்று அவர் விட்டிருந்தது அந்த ஒன்றை மட்டும்தான். நியாசினின் ஒரு வடிவமான நிகோடினமைடும் பி6-உம் கொடுத்ததும் சில நாளில் வயிற்றுப்போக்கு நின்றது, பேச்சு தெளிந்தது. தோல் மெதுவாகத்தான் உரிந்து தேறியது.

சென்ற வருடம் என் அண்ணன் மகளின் தேர்வுத்தாளைப் பார்த்தேன். "டிரிப்டோஃபேன் மெட்டபாலிசம், ஷார்ட் நோட்ஸ்." நான் எழுதிய அதே கேள்வி, அதே ஐந்து மதிப்பெண். இந்த மடல் அதனால்தான்.

நாம் சாப்பிடும் டிரிப்டோஃபேனில், புரதம் கட்டியது போக உடல் சிதைப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் கைனுரெனின் வழியில் போகிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனினுக்குப் போவது சொற்பம். (வாழைப்பழம் தின்றால் மகிழ்ச்சி என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பும் மாணவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.) சாதாரண நாளில் இந்தச் சிதைவு கல்லீரலில் நடக்கிறது. உடலில் அழற்சி வந்தால், நோயெதிர்ப்புச் செல்கள் விடும் காமா இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞைப் புரதம், டிரிப்டோஃபேனைச் சிதைக்கும் ஐடிஓ என்ற நொதியை வேறு பல செல்களிலும் கிளப்பிவிடுகிறது. அப்புறம் அந்தந்த இடத்திலேயே டிரிப்டோஃபேன் தீர்கிறது. எதற்காக என்பதைத்தான் பாடம் சொல்வதில்லை.

1984இல் எல்மர் பெஃபர்கார்ன் ஒரு பதில் கண்டார். காமா இன்டர்ஃபெரான் கொடுத்த மனித செல்களுக்குள் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி வளரவில்லை. டிரிப்டோஃபேனைக் கூடுதலாக ஊற்றியதும் மறுபடி வளர்ந்தது. கிருமி வந்த வீட்டில் அரிசிப் பானையைக் காலி செய்வது போன்ற தந்திரம். காசநோய்க் கிருமியிடம் அது பலிக்காது. டிரிப்டோஃபேனைத் தானே செய்துகொள்ளத் தெரிந்த கிருமி அது. அந்தத் திறனைப் பறித்துவிட்டால் அதுவும் மடிகிறது என்று 2013இல் எலிகளில் காட்டினார்கள். காசநோயாளியின் ரத்தத்தில் டிரிப்டோஃபேன் குறைந்து கைனுரெனின் ஏறியிருக்கும். கிருமி சாகாமல் மனிதர் மட்டும் செலவழித்துக்கொண்டிருக்கிறார். என் நோயாளியின் கதையில் இந்தப் பக்கம் எனக்குப் புரிந்தது வெகு தாமதமாக.

இன்னொரு பதில் 1998இல் வந்தது. டேவிட் மன், ஆண்ட்ரூ மெல்லர் குழுவினர் சினையான எலிகளில் ஐடிஓவை மருந்தால் தடுத்தார்கள். தந்தை வழியில் அந்நியமான கருக்களைத் தாயின் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் தாக்கி அழித்தன. டிரிப்டோஃபேன் தீர்ந்த இடத்தில் டி செல் ஓய்ந்துவிடும். நஞ்சுக்கொடி அதைப் பயன்படுத்திக்கொள்கிறது என்றார்கள். பிறகு ஐடிஓ மரபணுவே இல்லாத எலிகளும் ஒழுங்காகக் குட்டி போட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு அது நல்லது. புற்றுக்கட்டியும் இதே தந்திரத்தைக் கையாள்கிறது என்று நம்பி எப்பகாடோஸ்டாட் என்ற ஐடிஓ தடுப்பானை, மெலனோமா என்ற தோல் புற்று நோயாளிகள் 700 பேருக்கு மேல் சேர்த்துச் சோதித்தார்கள். 2018இல் அது பலன் தரவில்லை என்று முடிந்தது. நம் பாடநூல்களில் தோற்றுப்போன மருந்துக்கு இடமே கிடையாது.

மூளையைப் பற்றி ஒரு வார்த்தை. கைனுரெனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும். அங்கே மைக்ரோகிளியா செல்கள் அதிலிருந்து நரம்பைக் கிளறும் குயினோலினிக் அமிலத்தையும், ஆஸ்ட்ரோசைட்டுகள் அதற்கு எதிரான கைனுரெனிக் அமிலத்தையும் செய்கின்றன. கல்லீரல் அழற்சி சி வகைக்கு ஆல்ஃபா இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் பலர் மனச்சோர்வில் விழுந்ததற்கு, இந்தக் கைனுரெனின் வழி கிளம்பியதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் விட்டுவிட்டோம். பெலக்ரா என்றால் மக்காச்சோளமே உணவானவர்களுக்கு வருவது என்று நிறுத்திவிடுகிறீர்கள். தக்காணத்தில் சோளம் தின்றவர்களுக்கு அது வந்தது ஏன் என்று ஹைதராபாத்தில் ஆராய்ந்த சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். 1960இல் அவரும் ஸ்ரீகாந்தியாவும் சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் மீது சந்தேகத்தை வைத்தார்கள். அந்தக் கருத்தைப் பின்னால் பலர் மறுத்தார்கள். ஒரு வகுப்பு முழுக்க விவாதிக்கலாம்.

பாடத்தைக் கூட்டச் சொல்லவில்லை. அந்த ஐந்து மதிப்பெண் அப்படியே இருக்கட்டும், கேள்வி மட்டும் இப்படி வரட்டும்:

"காசநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவருக்குக் கழுத்திலும் புறங்கையிலும் தோல் கருக்கிறது. அவரது டிரிப்டோஃபேன் எங்கே போயிற்று? எந்த இடத்தில் அடைபட்டது? நீங்கள் முதலில் அவரிடம் என்ன கேட்பீர்கள்?"

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்