பீரங்கிக் கணக்கை விட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முதல் உலகப்போர் கட்டுரை, பதுங்குகுழிப் போரின் முட்டுக்கட்டையை உடைத்தது டாங்கிதான் என்று முடித்திருந்தது. பொதுஅறிவுக் கையேடுகளிலும் மாணவர்கள் இதையே படித்து மனப்பாடம் செய்வதால் இந்தத் திருத்தத்தை எழுதுகிறேன். டாங்கிக்கு அந்தப் போரில் நியாயமான இடம் உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் 1918-ல் மேற்கு முனையை, அதாவது பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மானியரோடு நடந்த போர்முனையை, திறந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாத இலக்கை முன்னறிவிப்பு இல்லாமல் முதல் குண்டிலேயே தாக்கும் பீரங்கித் திறமை. அது கைகூட நான்கு ஆண்டுகள் ஆயின.

சென்னைக்காரர்கள் அறிந்த பீரங்கித் தாக்குதல் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் நடத்தியது. 1914 செப்டம்பர் 22 இரவு அது கரையிலிருந்து ஏறத்தாழ 3,000 கஜ தூரத்துக்கு வந்து, தேடுவிளக்கைப் போட்டு, எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். பிரான்சிலும் அந்த ஆண்டு பல களப்பீரங்கிகள் இப்படி வெட்டவெளியில் நின்று, இலக்கைப் பார்த்துத்தான் சுட்டன. விலையும் கொடுத்தன. ஆகஸ்ட் 26 அன்று லெ கதோ என்ற ஊரில் மட்டும் பிரிட்டிஷ் படை 38 பீரங்கிகளை இழந்தது. அதன்பிறகு இரு தரப்புப் பீரங்கிகளும் மேடுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. அங்கிருந்து சுடுகிறவனுக்கு இலக்கு தெரியாது, எதிரிக்கும் அவன் இருக்குமிடம் தெரியாது.

இந்த நிலையில்தான் பிரான்சின் சோம் நதிப் பகுதியில் பிரிட்டிஷ் படை தாக்கிய சோம் போர் வருகிறது. 1916 ஜூன் 24 தொடங்கி ஏழு நாள், ஜெர்மானிய அகழிகள் மேல் சுமார் 15 லட்சம் குண்டுகள். ஜூலை 1 காலையில் காலாட்படை ஏறிப் போனபோது ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் விழுந்தார்கள். அதில் இறந்தவர்கள் 19,240. இவ்வளவு குண்டு போட்டும் ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பதில் குண்டுகளின் வகையில் இருக்கிறது. பெரும்பகுதி 18 பவுண்டர் பீரங்கியின் ஷ்ராப்னல் குண்டு. அதற்குள் சுமார் 375 ஈய உருண்டைகள் இருக்கும். காற்றில் வெடித்து அவற்றை முன்நோக்கி வீசும். வெளியில் நிற்கும் ஆளைக் கொல்லும். சுண்ணாம்புப் பாறைக்குள் ஆறேழு மீட்டர் ஆழத்தில் தோண்டிய நிலவறையை அது ஒன்றும் செய்யாது. முள்கம்பி வேலியை அது அறுக்க வேண்டுமானால், வேலிக்குச் சற்று முன்னால், தரைக்கு மிகத் தாழ்வாக வெடிக்க வேண்டும். அந்த நேரத்தை வைப்பது பியூஸில், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் முனைக் கருவியில், உள்ள மருந்து வளையம். அது எரியும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும். ஒரு நொடியில் சிறு பங்கு தவறினாலும் குண்டு வேலிக்கு மேலே உயரத்தில் வெடிக்கும், அல்லது மண்ணில் புதையும்.

வெடிமருந்து நிறைந்த கனமான குண்டுகளிலும் கோளாறு இருந்தது. அக்காலப் பியூஸ் தரையில் புதைந்த பிறகே வெடித்தது. பள்ளம் விழும், வேலி சுருளாக மேலே எழும்பி அதே இடத்தில் இன்னும் சிக்கலாக விழும். அவசரத்தில் தயாரான குண்டுகளில் பல வெடிக்கவே இல்லை. இதற்கெல்லாம் மேல் உத்திக் கோளாறு ஒன்று. தளபதி ராலின்சன் முதல் வரிசையை மட்டும் கடித்துப் பிடித்து நிறுத்திக்கொள்ளத் திட்டமிட்டார். தலைமைத் தளபதி ஹெய்க் உடைத்து வெளியேற விரும்பினார். குண்டு விழ வேண்டிய ஆழத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார். பீரங்கிகள் கூடவில்லை. ஆகவே ஒவ்வொரு கஜ அகழிக்கும் கிடைத்த குண்டு பாதியானது. 1915 மார்ச்சில் பிரான்சின் நவ் ஷப்பேல் என்ற ஊரில் வெறும் 35 நிமிடம் சுட்டார்கள். ஆனால் அங்கே ஒரு கஜத்துக்கு விழுந்த எடை சோம்மில் விழுந்ததைவிட அதிகம். சோம் தோல்விக்குத் தளபதிகளின் மூடத்தனம் என்று ஒரே சொல்லில் காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை. கணக்கு தெரியாமல் நடந்த தவறு அது. கணக்கைக் கற்றுக்கொண்டதும் அதே ஆட்கள் வேறு விதமாகப் போரிட்டார்கள்.

அந்தக் கணக்கு என்ன என்பதைத்தான் கட்டுரை முழுவதும் தவிர்த்துவிட்டது.

பீரங்கி நிற்கும் இடமும் இலக்கின் இடமும் ஒரே வரைபடக் கட்டத்தில் துல்லியமாகத் தெரிய வேண்டும். 1914-ல் கையில் இருந்தது 1:80,000 அளவுள்ள பழைய பிரெஞ்சு வரைபடம். நில அளவைப் பிரிவுகள் முனை நெடுக மறு அளவை செய்து 1:20,000, 1:10,000 அளவில் புது வரைபடங்கள் போட்டன. அடுத்தது குழாய். சுடச்சுட உள்சுவர் தேய்கிறது, வாயு கசிகிறது, குண்டு வெளியேறும் வேகம் குறைகிறது. அந்த வேகம் ஒரு சதவீதம் குறைந்தாலே 8 கிலோமீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ நூறு மீட்டர் முன்னதாக விழும். ஒரே பேட்டரியில் (பீரங்கி அணியில்) பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நான்கு பீரங்கிகளுக்கும் தேய்மானம் ஒன்றாக இராது. எனவே ஒவ்வொன்றையும் முனைக்குப் பின்னால் கொண்டுபோய், இரண்டு திரைகளை ஊடுருவும்படி சுட்டு, திரைகளுக்கிடையே குண்டு எடுத்த நேரத்தை மின்கருவியால் அளந்து, அந்தப் பீரங்கிக்கென்று ஒரு திருத்தம் எழுதி வைத்தார்கள்.

உந்து மருந்தின் வெப்பநிலையும் கணக்கில் வரும். கார்டைட் என்ற அந்த மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரிந்து குண்டைத் தூரம் தள்ளும், குளிர்ந்தால் குறையும். (நம் நீலகிரியில் அருவங்காட்டு ஆலை 1903-ல் தொடங்கப்பட்டது இந்தக் கார்டைட்டுக்காகத்தான்.) பிறகு வானிலை. குண்டு ஆயிரக்கணக்கான அடி உயரம் ஏறி இறங்குகிறது. அங்கே வீசும் காற்று தரையில் வீசும் காற்றல்ல. நாளுக்குப் பலமுறை வானிலைப் பிரிவு காற்று, வெப்பம், அழுத்தம் மூன்றையும் குறியீட்டுத் தந்தியாக பேட்டரிகளுக்கு அனுப்பியது. இவை அத்தனையும் சேர்த்தால்தான் சோதனைக் குண்டு போடாமல் சுட முடியும். அதற்கு முன்பு, புதிதாக வந்த ஒவ்வொரு பேட்டரியும் ஒன்றிரண்டு குண்டு போட்டுப் பார்த்து, பார்வையாளர் சொல்லச் சொல்லக் குறியைச் சரிசெய்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட எதிரி, இங்கே புதுப் பீரங்கி வந்திருக்கிறது, தாக்குதல் வரப்போகிறது என்று படையைக் கூட்டிவிடுவான். திடீர்த் தாக்குதல் என்பதே இல்லாமல் போனது இதனால்தான்.

எதிரிப் பீரங்கியைக் கண்டுபிடிக்கும் வேலை இன்னும் நுட்பமானது. வில்லியம் லாரன்ஸ் பிராக், 25 வயதில் இயற்பியல் நோபல் பெற்றவர், 1915-ல் இதற்காக பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்தில் ஆறு மைக்ரோபோன்களை வரிசையாக வைப்பது, பீரங்கிச் சத்தம் ஒவ்வொன்றையும் எப்போது எட்டுகிறது என்பதை ஓடும் படச்சுருளில் பதிவது, நேர வித்தியாசத்திலிருந்து இடத்தை வரைவது என்பது ஏற்பாடு. நொடியில் நூறில் ஒரு பங்கு வரை படிக்க முடிந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போவதால் அது மூன்றரை மீட்டருக்குச் சமம்.

ஆனால் முதல் ஆண்டில் கருவி தோற்றது. ஒலியை முந்திப் பறக்கும் குண்டு தன் பங்குக்கு ஒரு கூர்மையான அதிர்வலையை அனுப்பும். அது முதலில் வந்து மைக்ரோபோனை ஆட்டிவிடும். துப்பாக்கிச் சத்தமும் அப்படியே. பீரங்கி வாயிலிருந்து வரும் கனத்த, காதுக்கே சரியாகக் கேட்காத தாழ்ந்த ஒலி அந்தக் கூச்சலில் மறைந்துபோகும். தீர்வு கொடுத்தவர் டக்கர் என்ற கார்ப்பரல். கெம்மல் குன்றருகே அவர் படுத்திருந்த கொட்டகைச் சுவரில் ஒரு சிறு துளை. தூரத்தில் பீரங்கி சுடும்போதெல்லாம் அதன் வழியே குளிர்காற்று முகத்தில் அடித்தது. அதிலிருந்து பிறந்தது சூட்டுக்கம்பி மைக்ரோபோன். ஒரு பாத்திரத்தின் வாயில் மெல்லிய பிளாட்டினக் கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி வைத்தார்கள். தாழ்ந்த ஒலி வரும்போது காற்று உள்ளே வெளியே போய்வந்து கம்பி குளிரும், மின்தடை குறையும், மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் இழை அசையும். கூர்மையான சத்தங்களை அது பொருட்படுத்தாது.

இதற்கும் குறை இருந்தது. அங்கே அதிகம் வீசுவது மேற்குக் காற்று. அது ஜெர்மானியப் பீரங்கிச் சத்தத்தை மேலே வளைத்துவிடும், பிரிட்டிஷ் மைக்ரோபோனுக்கு எட்டாது. அந்த நாட்களில் கைகொடுத்தது பீரங்கி வாயின் மின்னலைப் பார்க்கும் முறை. பல காவல்மேடுகளில் கோணம் அளக்கும் தியோடலைட்டோடு ஆட்கள் அமர்ந்து, மின்னலைக் கண்டதும் சாவியை அழுத்துவார்கள். தலைமையிடப் பலகையில் எல்லா விளக்கும் ஒரே கணத்தில் எரிந்தால், எல்லோரும் பார்ப்பது ஒரே பீரங்கி. ஹெமிங் என்ற இளம் அதிகாரி செய்த பலகை இது. கேட்க எளிமையாக இருக்கிறது. இது வருமுன் ஆளுக்கொரு மின்னலைப் பார்த்துத் தவறான இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

1917 ஏப்ரல் 9, விமி மேட்டில் கனடாப் படை தாக்கும் முன் எதிரிப் பீரங்கிகளில் 83 சதவீதத்தின் இடம் குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டில்தான் 106 எண் பியூஸும் பெருமளவில் வந்தது. கம்பியைத் தொட்டதுமே வெடிக்கும். வேலி அறும், தரை குழியாகாது. தரை குழியாவது சின்ன விஷயமல்ல. அதே ஆண்டு பெல்ஜியத்தின் ஈப்ரஸில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளைத் தாக்குதலுக்கு முன்பே கொட்டி வடிகால்களை உடைத்தார்கள். மழை பெய்ததும் சொந்தப் பீரங்கிகளே சேற்றில் புதைந்தன.

இப்போது டாங்கிக்கு வருகிறேன். 1917 நவம்பர் 20, பிரான்சின் கம்ப்ரே. 1,003 பிரிட்டிஷ் பீரங்கிகள், ஒரு சோதனைக் குண்டுகூட இல்லாமல், ஒரே நொடியில் சுடத் தொடங்கின. நீண்ட குண்டுவீச்சு இல்லாததால் வேலி அறுபடாமல் நின்றது. அதை மிதித்து நசுக்கி வழி செய்யவே டாங்கி தேவைப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கின. 378 போர் டாங்கிகளில் முதல் நாளிலேயே 179 செயலிழந்தன. அதில் எதிரியின் குண்டு பட்டவை 65, இயந்திரம் பழுதானவை 71, மற்றவை பள்ளத்தில் சிக்கின. உள்ளே இயந்திரமும் எட்டுப் பேரும் ஒரே அறையில். வெப்பமும் கார்பன் மோனாக்சைடும் ஆட்களை மயக்கின. இரண்டாம் நாளே ஓட்டம் குறைந்தது.

ஜெர்மானியரும் இதே பாதையில் வந்தார்கள். 1918 மார்ச் 21-ல் புரூக்முல்லர் என்ற பீரங்கி அதிகாரியின் திட்டப்படி சுமார் 6,600 பீரங்கிகள் ஐந்து மணி நேரம் சுட்டன, டாங்கி சொற்பம். பிரிட்டிஷ் அணி உடைந்தது. பிறகு காலாட்படை பழைய சோம் போர்க்களத்தின் குழிகளைத் தாண்டி முன்னே போக, பீரங்கியும் குண்டும் குதிரைகளோடு பின்தங்கின. அமியேன் ரயில் சந்திப்பு கைக்கு எட்டவில்லை.

அதே அமியேன் முன்னால் ஆகஸ்ட் 8 அதிகாலை 4.20-க்குத் தொடங்கிய நேச நாடுகளின் தாக்குதலைக் கட்டுரை டாங்கி வெற்றி என்கிறது. எதிரியிடம் இருந்த சுமார் 530 பீரங்கிகளில் 504-ன் இடம் முன்பே தெரியும். பெரும்பாலானவை முதல் மணிகளில் வாயடைக்கப்பட்டன. டாங்கிகளுக்கு நேர்ந்தது இது: ஓடும் நிலையில் இருந்தவை முதல் நாள் 414, மறுநாள் 145, மூன்றாம் நாள் 85, பிறகு 38, ஐந்தாம் நாள் 6. ஆறு டாங்கிகளை வைத்துக்கொண்டு யாரும் போரை வெல்வதில்லை. எதிர்ப்பு இறுகியதும் ஹெய்க் அங்கே நிறுத்தி, ஆகஸ்ட் 21-ல் வடக்கே ஆல்பெர்ட் பக்கம் அடித்தார். வரைபடமும் அளவை நிலையங்களும் முனை நெடுகத் தயாராக இருந்ததால் இப்படி இடம் மாற்றி மாற்றி அடிக்க முடிந்தது. உத்தி மாறியது இந்த வசதியால். செப்டம்பர் 28 நண்பகலிலிருந்து மறுநாள் நண்பகல் வரை பிரிட்டிஷ் பீரங்கிகள் 9 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான குண்டுகளைச் சுட்டன. ஜெர்மானியரின் வலுவான தற்காப்பு வரிசையான ஹிண்டன்பர்க் அரண் அந்த 29-ஆம் தேதிதான் உடைந்தது.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு டாங்கியின் படம் அச்சிட்டிருந்தீர்கள். அடுத்த முறை, போர் நின்ற 1918 நவம்பர் 11 அன்று மோசெல் நதிப் பக்கம் அமெரிக்க ஒலியளவைப் பிரிவு எடுத்த படச்சுருளை அச்சிடுங்கள். ஆறு மைக்ரோபோன்களுக்கு ஆறு கோடுகள். பதினொரு மணிக்கு முந்திய நிமிடத்தில் ஆறும் துடிக்கின்றன. பிந்திய நிமிடத்தில் ஆறும் ஏறக்குறைய நேர்கோடாக ஓடுகின்றன.

இப்படிக்கு,
பீரங்கிப் படை வரலாறு பயிலும் வாசகர்,
குன்னூர்.