சிகாகோ ஆற்றில் கேட்ட கதையும் சிங்கப்பூர் ஆற்றில் கேட்க விரும்பும் கதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உல்லாசக் கப்பலில் சென்று வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை நான் விடாமல் வாசிப்பவன். முப்பத்தோர் ஆண்டுகள் இழுவைப் படகுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, அக்கட்டுரைகளில் கப்பலின் சாப்பாடும் அறை வசதியும் பேசப்படும் அளவுக்கு, ஓர் ஊருக்குள் நீர்வழியாக நுழைந்த அனுபவம் பேசப்படுவதில்லையே என்ற ஏக்கம் உண்டு. கடந்த செப்டம்பரில் சிகாகோவுக்குப் படகிலேயே போய்ச் சேரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதைப் பற்றியும், அங்கே மனத்தில் எழுந்த ஒரு வேண்டுகோளைப் பற்றியும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் குடியேறிய என் அக்காள் மகனும் அவர் மனைவியும் சொந்தப் படகொன்றில் 'கிரேட் லூப்' என்னும் நெடும்பயணத்தை மேற்கொண்டிருக்கிறார்கள். அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே ஏறி, ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பேரேரிகள் ஆகியவற்றைக் கடந்து சிகாகோவை அடைந்து, அங்கிருந்து ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஏறத்தாழ 9,600 கிலோமீட்டர் வட்டப் பாதை அது. நான் மில்வாக்கியில் ஏறிக்கொண்டு மூன்று வாரம் அவர்களுடன் இருந்தேன்.

மிச்சிகன் ஏரியை ஏரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் சிங்கப்பூர்த் தீவைப்போல் ஏறக்குறைய 80 மடங்குப் பரப்பு. ஆழம் ஓரிடத்தில் 281 மீட்டர். வடகாற்று வலுத்தபோது எழுந்த அலைகள் கடல் அலைகளைப் போல் நீண்டு வராமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக மோதியதால், கெனோஷாவில் ஒரு நாள் முழுவதும் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. முகத்தில் தெறித்த நீரை உதட்டால் ஒற்றிப் பார்த்தேன், உப்பு இல்லை. இத்தனை ஆண்டுகள் நீரில் உழைத்தவனுக்கு அது விநோதமாகவே இருந்தது. சிகாகோவில் நகர மையத்தை ஒட்டிய படகுத்துறையில் கட்டும்போது, பழக்கத்தால் கயிற்றைத் தளர்த்தியே விட்டேன். "மாமா, இங்கே ஏற்றமும் வற்றமும் இல்லை, இழுத்தே கட்டுங்கள்" என்றார் மருமகன். 3 மீட்டர் வரை நீர் ஏறி இறங்கும் துறைமுகத்தில் வளர்ந்த கை அதை ஒப்புக்கொள்ளச் சிறிது நேரம் ஆனது.

மறுநாள் ஏரியிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆற்றின் முகப்பில் 1938ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட 'லாக்', அதாவது நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி ஒன்று இருக்கிறது. சுமார் 180 மீட்டர் நீளமுள்ள அந்தத் தொட்டிக்குள் படகுகள் போய் நிற்க, பின்னால் கதவு மூடிக்கொள்கிறது. சுவரில் தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முன்கதவு ஒரு சாண் திறந்ததும் தண்ணீர் வெளியேற, சுவரிலிருந்த ஈரக்கோடு மெல்ல உயர்வதுபோல் தெரிந்தது. உண்மையில் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். ஏரியைவிட ஆறு தாழ்வாக இருப்பது ஏன் என்று கேட்டால், அந்த ஊரின் வரலாறே பதிலாக வருகிறது.

இயற்கையில் அந்த ஆறு ஏரிக்குள் பாய்ந்தது. நகரின் கழிவையெல்லாம் ஆறு சுமந்துபோய், நகரம் குடித்த அதே ஏரி நீரில் கொட்டியது. அதனால் 45 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார்கள். ஏரி காப்பாற்றப்பட்டது, ஆனால் அந்தக் கழிவு கீழே உள்ள ஊர்களுக்குப் போகிறதே என்று மிசூரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. 1906இல் உச்ச நீதிமன்றம் சிகாகோவின் பக்கமே தீர்ப்பளித்தது. அதே கால்வாயில் நாங்கள் பிறகு இறங்கிச் சென்றபோது, ஏரிக்குள் அயல் மீனினம் ஏறிவிடாதபடி நீரில் மின்சாரம் பாய்ச்சியிருக்கும் பகுதியைக் கடந்தோம். கையை நீரில் விடக்கூடாது என்று எச்சரிக்கைப் பலகை இருந்தது. இரு நீர்நிலைகளை இணைத்ததன் விளைவை இன்றும் அவர்கள் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊரைச் சுற்றிப் பார்க்க எங்கள் படகைத் துறையிலேயே விட்டுவிட்டு, சிகாகோ கட்டடக்கலை மையத்தின் ஆற்றுச் சுற்றுலாவில் ஒன்றரை மணி நேரம் சென்றோம். அங்கே விளக்கம் சொல்பவர்கள் சம்பளம் பெறாத, பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள். எங்களுக்கு வாய்த்தவர் எழுபது வயதிருக்கக்கூடிய அம்மையார். மூன்று கிளைகள் கூடும் இடத்தில் படகு நின்றது. அந்தத் திருப்பத்தில்தான் ஊர் வளர்ந்தது என்று கைகாட்டிச் சொன்னார். 442 மீட்டர் உயரக் கோபுரத்தைக் காட்டி, ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகக் கட்டியதுபோல் அதை எழுப்பிய பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் டாக்காவில் பிறந்தவர் என்றபோது, படகிலிருந்த தெற்காசிய முகங்கள் அனைத்தும் ஒருசேர நிமிர்ந்தன.

மாலையில், ஏரிக்கரைக்கு அருகே 1893இல் சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமயப் பேரவை கூடிய கட்டடத்துக்கு நடந்தே சென்றேன். இன்று அது ஓவியக் கலைக்கூடம். சென்னை அன்பர்களின் உதவியோடு கப்பலேறிய அவர், அந்த வழியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கி, சிங்கப்பூரில் பூமலை என்று நாம் அழைக்கும் தாவரவியல் பூங்காவின் பனை வகைகளைக் கண்டு வியந்து கடிதம் எழுதியிருக்கிறார். நம் துறையைத் தொட்டுப் போன பயணி ஒருவர் போய்ச் சேர்ந்த இடத்தில் நின்றது எனக்கு மனநிறைவைத் தந்தது.

திரும்பி வந்ததும் மனைவியை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் ஆற்றில் படகேறினேன். பதிவுசெய்த விளக்கம் ஒலித்தது. நான் சென்ற படகின் விளக்கத்தில் தமிழும் இல்லை, தமிழரைப் பற்றிய பேச்சும் இல்லை. இந்த ஆற்றில் தொடக்கக் காலத்தில் தொங்கான்கள் என்னும் சரக்குப் படகுகளைத் துடுப்பு வலித்து ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் என்னும் தமிழ் முஸ்லிம்கள். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்திலேயே அவர்களுக்கென ஒரு கம்போங் (குடியிருப்பு) குறிக்கப்பட்டிருந்தது. சூலியா ஸ்திரீட் என்ற பெயர் இன்றும் ஆற்றங்கரைக்கு அருகிலேயே நிற்கிறது. 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் இந்த ஆறு தூய்மையாக்கப்பட்டதையும், 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டதையும், 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டால் ஆற்றின் முகத்துவாரமே குடிநீர்த் தேக்கமானதையும் என் தலைமுறை கண்ணால் கண்டது. சிகாகோ தன் குடிநீருக்காக ஆற்றைத் திருப்பியது. நாம் நம் குடிநீருக்காக ஆற்றை அடைத்தோம். அவர்கள் சொல்லும் கதைக்கு நம் கதை எந்த வகையிலும் இளைத்ததல்ல.

எனவே, ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவையொட்டி, வாரத்தில் ஒரு நாளாவது ஆற்றுப் படகில் தமிழில் நேரடி விளக்கம் தரும் ஏற்பாட்டைச் சமூக அமைப்புகளும் படகு நடத்துவோரும் சேர்ந்து செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். பேசுவதற்குச் சம்பள ஆட்கள் தேவையில்லை. துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற தமிழர் பலர் வீட்டில் இருக்கிறார்கள். மாணவர்களுக்கும் பயிற்சி தரலாம். வரலாற்றாய்வாளர் ஒருவர் எங்களுக்குக் குறிப்புகளைச் சரிபார்த்துத் தந்தால் போதும். என்னுடன் வேலை பார்த்த இருவரிடம் கேட்டுவிட்டேன். மூவரும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இழுவைப் படகு ஊழியர்,
தெலுக் பிளாங்கா