முப்பது நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்

வி.பி.எஸ். (ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்கிட்டு வாடகைக்கு விடும் சர்வர்) சேவைகளைச் சோதித்துத் தமிழில் தரவரிசை வெளியிடும் மதிப்பீட்டாளர்களுக்கு,

வணக்கம்.

இந்த ஆண்டுக்கான உங்கள் பட்டியலைப் பார்த்தோம். முதலிடத்துக்குப் பத்துக்கு 9.7. ஆதாரம் என்று நீங்கள் வைத்திருக்கும் சோதனைப் பதிவையும் வரி வரியாகப் படித்தோம். சோதனை தொடங்கியது அதிகாலை 3.12. முடிந்தது 3.19. ஏழே நிமிடம்.

அந்த ஏழு நிமிடத்தை நம்பி, அல்சூரிலும் சிவாஜி நகரிலும் மருந்துக் கடையும் மளிகைக் கடையும் வைத்திருக்கும் நம் ஆட்கள் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையில் கூட்டம் சேரும்போது பில் போடும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திட்டு வாங்குவது நீங்களும் இல்லை, சேவை நிறுவனமும் இல்லை. சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த பையன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். பானை முழுக்க ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வேகிறது என்பதால் அது உண்மை. வி.பி.எஸ். அப்படி வேகும் பொருள் இல்லை. ஒரே இயந்திரத்தை முப்பது நாற்பது பேர் பங்கு போட்டிருக்கிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு அதில் முக்கால்வாசிப் பேர் தூங்குகிறார்கள். அந்த நேரத்தில் எடுத்த ஒரு சோறு எதற்கும் பதம் ஆகாது.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. சொந்தப் பணத்தில் வாங்கி, முப்பது நாள் ஓட்டி, எண்களைத் திருத்தாமல் அப்படியே வெளியிடுங்கள். அதன்பிறகு 9.7 போடுங்கள், 10 கூடப் போடுங்கள். நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.

ஏன் முப்பது நாள் என்பதற்கு டிஸ்க் ஒன்றே போதும். பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பல ஏரியாக்களில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. ஆனால் மொட்டைமாடித் தொட்டி நிரம்பியிருக்கும்போது குழாயைத் திறந்தால் பிய்த்துக்கொண்டு கொட்டும். வீடு பார்க்க வருகிறவர் அந்த நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டு ‘தண்ணீர் கஷ்டமே இல்லை’ என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். உங்கள் சோதனை இதுதான்.

அமேசான் வாடகைக்கு விடும் ஜிபி2 என்ற டிஸ்க் வகையில் இந்தத் தொட்டிக் கணக்கை ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த நேர்மைக்கு நன்றி. ஒரு ஜிபிக்கு 3 ஐ.ஓ.பி.எஸ். (விநாடிக்கு இத்தனை முறை படிப்பு, எழுத்து என்ற கணக்கு), குறைந்தபட்சம் 100. புதிதாக உருவாக்கிய டிஸ்க்குக்கு 54 லட்சம் கிரெடிட் நிரம்பிய தொட்டி; ஒரு படிப்புக்கோ எழுத்துக்கோ ஒரு கிரெடிட். தொட்டியில் இருக்கும்வரை 3,000 வேகம். 20 ஜிபி டிஸ்க்கை முழு வேகத்தில் ஓட்டினால் சுமார் 31 நிமிடத்தில் தொட்டி காலி; பிறகு 100தான். முப்பதில் ஒரு பங்கு. ஏழு நிமிடம் சோதித்தவருக்கு 3,000 மட்டுமே தெரியும், அந்த 100 என்றைக்கும் தெரியாது. சி.பி.யு.விலும் இதே கதைதான்: அமேசானின் டி2 மைக்ரோ என்ற சர்வர் வகைக்கு மணிக்கு 6 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு ஒரு நிமிடம் முழு வேகம், ஆக நாள் முழுக்கப் பார்த்தால் கிடைப்பது 10 சதவீதம். இதை எழுதி வைத்திருப்பவர்களிடம் படித்தாவது தெரிந்துகொள்ளலாம். எழுதாமலே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

‘சரி, மணிக்கொருமுறை ஒரு நிமிடம் ஓட்டுகிறோம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். அதுவும் ஏமாற்றும். ஒரு நிமிடச் சோதனையில் செலவு 1,80,000 கிரெடிட். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஊறும் வரவு 3,60,000. தொட்டி ஒருநாளும் காலியாகாது. முப்பது நாளும் 3,000 என்றே காட்டி உங்களுக்கு மாலை போடும். ஆகவே மணிக்கொரு சின்னச் சோதனையோடு, வாரம் ஒருமுறையாவது இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்ட வேண்டும். நாள் முழுக்க ஓட்டவும் கூடாது. நியாயப் பயன்பாட்டு விதியைக் காட்டிச் சர்வரை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் பக்கத்து வாடகைக்காரருக்கு நீங்களே தொல்லை ஆகிவிடுவீர்கள்.

அடுத்து, டிஸ்க் வேகத்தை அளக்க நீங்கள் ஓட்டிய டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை. பூஜ்யங்களை ஒரு ஜிபி எழுதி ‘விநாடிக்கு 1.9 ஜிபி’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 4 ஜிபி ரேம் உள்ள சர்வரில் அந்த ஒரு ஜிபியில் பெரும்பகுதி டிஸ்க்கைத் தொடாமல் ரேமிலேயே உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் அளந்தது பெரும்பாலும் ரேமை. அடியில் இசட்எஃப்எஸ் போன்ற சுருக்கும் கோப்பு முறை இருந்தால் பூஜ்யங்களை எழுத வேண்டிய வேலையே அதற்கு இல்லை. ஃபியோ என்ற டிஸ்க் சோதனைக் கருவியைப் பயன்படுத்துங்கள். டைரக்ட் 1 (ரேமில் தேக்காமல் நேரே டிஸ்க்குக்கு), பிளாக் 4 கே, ரேண்டம் படிப்பும் எழுத்தும் கலந்து, கோப்பின் அளவு ரேமைப் போல் இரண்டு மடங்காவது. வரிசை ஆழம் (ஒரே நேரத்தில் காத்திருக்கும் வேலைகள்) 64 வைத்து ஒருமுறை, 1 வைத்து ஒருமுறை. 64இல் வரும் எண் விளம்பரத்துக்கு அழகாக இருக்கும். கடைக்காரருக்கு வேண்டியது 1இல் வருவது, அதிலும் ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் எஃப்சிங்க் (டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது) செய்து அளந்தது. காரணம் எளிது: தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ் ஆகட்டும், மைஎஸ்க்யூஎல் ஆகட்டும், அவற்றின் இயல்பான அமைப்பில் ஒரு பில்லைச் சேமித்து ‘ஆயிற்று’ என்று சொல்வதற்கு முன் டிஸ்க்கில் உண்மையாகவே எழுதி முடித்தாக வேண்டும். ஒரு எஃப்சிங்க் 20 மில்லி விநாடி எடுத்தால் ஒரு இணைப்பில் விநாடிக்கு 50 கமிட்டுக்கு (உறுதியாகச் சேமிப்பதற்கு) மேல் போகாது. சரக்குக்கு ஒன்று, வரிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கமிட் செய்யும் பழைய பில்லிங் சாஃப்ட்வேரில் நாற்பது சாமான் வாங்கிய ஒரு வாடிக்கையாளர் போதும், எல்லாம் நின்றுபோகும். சராசரி வேண்டாம், 99வது சதமானத்தை, அதாவது நூற்றில் 99 எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பதைப் போடுங்கள். சராசரி 5 மில்லி விநாடி என்று காட்டும் சர்வரிலேயே நூற்றில் ஒன்று 400 மில்லி விநாடி ஆகலாம்; கடையில் வசவு விழுவது அந்த ஒன்றுக்குத்தான்.

ஸ்டீல் டைம் (திருடப்பட்ட நேரம்) என்ற சொல் உங்கள் பட்டியலில் ஓரிடத்திலும் இல்லை. சர்வரின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் ‘எஸ்டி’ என்று வரும் எண் அது. உங்கள் சி.பி.யு. கோருக்கு வேலை இருந்தும், கீழே இருக்கும் இயந்திரம் அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட கணக்கு. எப்போதாவது ஒன்றிரண்டு சதவீதம் வந்தால் பரவாயில்லை. மாலை முழுக்க 10 தாண்டி நின்றால் அந்த நோடில் (அடியில் இருக்கும் இயந்திரத்தில்) அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பூஜ்யம் காட்டினாலும் நம்பிவிட முடியாது. ஒரு இயந்திரத்தைப் பல சர்வர்களாகப் பிரிக்கும் கே.வி.எம். மென்பொருளில் இந்த எண்ணை உள்ளே இருப்பவருக்குக் காட்டாமல் வைக்கலாம். அப்போது எவ்வளவு பறிபோனாலும் பூஜ்யமே தெரியும். அதனால்தான் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்: சிஸ்பெஞ்ச் என்ற கருவியின் சி.பி.யு. சோதனையை ஒரே திரெட்டில் 10 விநாடி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. அதிகாலையில் 1,000 வந்த இடத்தில் இரவு ஒன்பதுக்கு 600 வந்தால், ஸ்டீல் பூஜ்யம் என்றாலும் திருட்டு திருட்டுதான். சிஸ்பெஞ்ச் பதிப்பைக் குறிப்பிடுங்கள், பழைய 0.4 மொத்த நேரத்தைச் சொல்லும், 1.0 விநாடிக்கு எத்தனை என்று சொல்லும். இதை ஏன் சொல்கிறோம் என்றால், உங்கள் அட்டவணையில் சி.பி.யு.வுக்கு மதிப்பெண் தரும் கீக்பெஞ்ச் கருவியின் 5ஆம் பதிப்பு எண்களும் 6ஆம் பதிப்பு எண்களும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன. 5க்கு அடிப்படை, இன்டெல் ஐ3 8100 சிப்புக்கு 1,000. 6க்கு அடிப்படை, ஐ7 12700 சிப்புக்கு 2,500. ரூபாயையும் டாலரையும் ஒரே பத்தியில் கூட்டிய கணக்கு அது.

நெட்வொர்க் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறோம். அதே டேட்டா சென்டரில் இருக்கும் ஸ்பீட்டெஸ்ட் சர்வரோடு பேசி ‘940 எம்பிபிஎஸ்’ என்பது பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுக் காது கேட்கிறதா என்று பார்ப்பது போல. கடை இருப்பது வீட்டு இணைப்பில். ஏர்டெல், ஜியோ, ஆக்ட், பி.எஸ்.என்.எல். இணைப்புகளிலிருந்து இரவு 8 முதல் 11 வரை எம்டிஆர் (வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் சோதிக்கும் கருவி) வைத்து 100 பாக்கெட் அனுப்பிப் பாருங்கள், சர்வரிலிருந்து வீட்டை நோக்கியும் பாருங்கள். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் இருக்கும் சர்வருக்கு பெங்களூர் வீட்டிலிருந்து மும்பை போயோ சிங்கப்பூர் போயோ சுற்றி வருவதும் உண்டு. எம்டிஆரில் நடுவழியில் ஒரு ரவுட்டர் 60 சதவீத இழப்பு காட்டி, கடைசி இடத்தில் இழப்பே இல்லை என்றால் அது இழப்பு அல்ல. அந்த ரவுட்டர் உங்கள் சோதனைக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. நான்காம் இடத்துச் சேவைக்கு இதற்காகவே அரை மதிப்பெண் வெட்டியிருக்கிறீர்கள். பாவம்.

அப்டைம் (சர்வர் விழாமல் ஓடிய நேரம்) 99.99 சதவீதம் என்று எல்லோருக்கும் கொடுத்திருப்பது இன்னொரு வேடிக்கை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்ததாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது நாளில் 8,640 சோதனை. எல்லாம் வந்தால் 100. ஒன்று தவறினால் 99.988. நடுவில் வேறு எண்ணே கிடையாது. அந்த ஒன்று தவறியதும் ஒரு கணம் விழுந்ததாலா, பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக விழுந்து கிடந்ததாலா என்று உங்களுக்கே தெரியாது. 99.99 என்றால் மாதத்தில் 4 நிமிடம் 19 விநாடிதான் அனுமதி. அதை அளக்க 30 விநாடிக்கு ஒருமுறையாவது, குறைந்தது இரண்டு ஊர்களிலிருந்து பார்க்க வேண்டும்.

பேக்கப் என்ற கட்டத்தில் பச்சை டிக். மீட்டெடுத்துப் பார்த்தீர்களா? 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற சர்வர் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயிற்று. பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது, 40 ஜிபியைத் திரும்ப எழுப்ப எத்தனை நிமிடம் என்று இரண்டு வரி போதும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வாயில் வந்துவிடுகிறது. உங்கள் பட்டியலில் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் 9.1க்கும் 9.7க்கும் நடுவில் மதிப்பெண். பத்தாம் வகுப்புப் பரீட்சையில்கூட யாராவது ஃபெயில் ஆகிறார்கள் ஐயா. இங்கே பத்துக்குப் பத்தும் டிஸ்டிங்ஷன், பத்தின் கீழும் ஒரு கூப்பன் கோடு. கூப்பன் இல்லாத சேவை எதுவும் பட்டியலிலேயே இல்லை என்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். விளம்பர உறவு இருந்தால் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் அறிவிப்பும் இருக்கத்தான் செய்கிறது: கடைசியில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். கமிஷன் வாங்குவது குற்றமில்லை, எல்லோரும் பிழைக்க வேண்டும். ஆனால் சேவை நிறுவனமே இலவசமாகக் கொடுத்த சர்வரைச் சோதிப்பது, பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்து வீட்டை வெள்ளையடித்தது போலத்தான் இருக்கும். உங்கள் பெயரைப் பார்த்ததும் காலியான நோடில் போட அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம்.

மூன்று சர்வர் வாங்குங்கள், வெவ்வேறு நாளில், வெவ்வேறு பெயரில். மூன்றும் மூன்று நோடில் விழ வாய்ப்பு அதிகம். இந்திய கார்டில் வாங்கிப் பாருங்கள்: 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானாகப் பணம் பிடிக்க முன்அனுமதி) விதி வந்தபிறகு, வெளிநாட்டுச் சேவைகளில் தானாகப் பணம் பிடிப்பது தோற்று, புதுப்பிப்பு நாளில் சர்வர் நின்றுபோவது ஒரு தனி ஆபத்து. யு.பி.ஐ. உண்டா, ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வருமா, முதல் ஆண்டு விலைக்கும் இரண்டாம் ஆண்டு விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் சேர்த்தால் கடைக்காரர்கள் உங்களை வாழ்த்துவார்கள். ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு ஒரு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டு, தானியங்கிப் பதிலைக் கணக்கில் எடுக்காமல், மனிதர் ஒருவர் பதில் எழுத ஆன நேரத்தைக் குறியுங்கள்.

செலவு அதிகம் என்பீர்கள். பத்துச் சேவைக்கு மூன்று வீதம், மாதம் ஐந்நூறு ரூபாய் சர்வர் என்றால் பதினைந்தாயிரம். பத்து வேண்டாம், நான்கைச் சோதியுங்கள், ஆறாயிரம். நான்கே பேர் உள்ள உண்மையான பட்டியல் எங்களுக்குப் போதும்.

வீட்டு இணைப்பிலிருந்து செய்ய வேண்டிய சோதனைகளை நாங்களே செய்து தருகிறோம். எங்களில் நான்கு நிறுவனங்களின் இணைப்பும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ராமமூர்த்தி நகர் முதல் எலக்ட்ரானிக் சிட்டி வரை வீடுகள் இருக்கின்றன. பணம் வேண்டாம், பெயரும் போட வேண்டாம். சோதனை ஸ்கிரிப்டையும், ஒவ்வொரு ஓட்டத்தின் மூல எண்களையும் தேதி, நேரத்தோடு நீங்கள் வெளியிட்டால் போதும்.

அதுவரை ஒரு சின்ன உதவி. முதலிடத்துச் சேவையின் மேல் ஒட்டியிருக்கும் ‘சிறு வணிகத்துக்குச் சிறந்தது’ என்ற பட்டையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முப்பது நாள் பதிவு வந்ததும், தகுதி இருந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பெங்களூரில் சிறு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சர்வர் பார்த்துக்கொள்ளும் தமிழர்கள்