மோட்டார் இருந்தால் மட்டும் போதுமா?

பருவமழைக்கு வெள்ளநீர் இறைக்கும் மோட்டார்கள் தயார் என்று நகராட்சிகள் அறிவித்துள்ள செய்தி கண்டேன். எண்ணிக்கை சரி, ஓடுமா? வெள்ளத்தில் டீசல் மோட்டார் கைவிடுவது பெரும்பாலும் இன்ஜின் கோளாறால் அல்ல. உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வில் பாலித்தீன் பை அடைத்துக்கொள்ளும். அல்லது தேய்ந்த வாஷர் வழியே உறிஞ்சு குழாயில் காற்று புகுந்து தண்ணீர் ஏறாது. டீசலும் ஒரு சிக்கல்தான்: 10 குதிரைத்திறன் மோட்டாருக்கு மணிக்குச் சுமார் 2 லிட்டர், ஓரிரவுக்கு 25 லிட்டர் வேண்டும். மின்சாரம் போனால் பங்க்கிலும் கிடைக்காமல் போகலாம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அத்தகைய மழையில் டீசல் வண்டி வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே, செப்டம்பரிலேயே ஒவ்வொரு மோட்டாரையும் குளக்கரைக்குக் கொண்டுபோய் 2 மணி நேரம் தண்ணீர் இறைத்துப் பார்த்து, வால்வைச் சுற்றி வலைக்கூடை கட்டி, 2 நாள் டீசலை வார்டிலேயே மேடான இடத்தில் இருப்பு வைக்க நகராட்சி ஆணையர்கள் உத்தரவிட வேண்டும்.

- வாசகர், தூத்துக்குடி